அளவுக்கு முன் வந்த மழை

கோதுமையை யாராவது வாணலியில் போட்டு வறுத்தால், அந்த வாசனைக்கு நான் இன்றைக்கும் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்துத்தான் வறுப்பார்கள். புதிதாக வந்த மருமகள் ஒருநாள் விவரம் தெரியாமல், "ஏன் மாமா, கோதும உங்களுக்கு ஒத்துக்கறது இல்லையா?" என்று கேட்டாள். ஆமாம்மா, ஒத்துக்கறது இல்லை என்று சொல்லி வைத்தேன். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு ஏரியின் கதையை எப்படிச் சொல்வது? அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் ஊர் அடி அண்ணாமலையைத் தாண்டி, மலைக்கு மேற்கே இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு வருஷம் வானம் கைவிட்டுவிட்டது. விதைத்த மல்லாட்டை (நிலக்கடலையை அப்படித்தான் சொல்வோம்) மண்ணுக்குள்ளேயே வெந்துபோனது. ஊர் ஏரி பாளம் பாளமாக வெடித்து, அந்த வெடிப்பில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்குக் காய்ந்து கிடந்தது. அப்போதுதான் சர்க்கார் ஒரு வேலையை அறிவித்தது. ஏரியை ஆழப்படுத்துங்கள், கூலிக்குப் பதில் கோதுமை தருகிறோம் என்றார்கள். எங்கள் ஊரில் அதுவரைக்கும் கோதுமையைக் கண்ணால் பார்த்தவர்களே கம்மி.

வேலை ஜோடிக் கணக்கு. ஜோடிக்கு ஒரு குழி. ஆண் வெட்ட வேண்டும், பெண் கூடையில் சுமந்து வெளியே கொட்ட வேண்டும். வெட்டும்போது குழியின் நடுவில் ஒரு மண்தூணை மட்டும் தொடாமல் விட்டுவிட வேண்டும். பழைய தரை எந்த மட்டத்தில் இருந்தது என்பதற்கு அந்தத் தூண்தான் அத்தாட்சி. அதைச் சாட்சி என்போம். ஓவர்சியர் வந்து சாட்சியின் தலையிலிருந்து குழியின் அடிவரைக்கும் டேப்பைப் பிடித்து அளப்பார். அளந்த ஆழத்துக்குத்தான் கோதுமை. சாட்சி சரிந்துவிட்டால் நீ பாதாளம் வரைக்கும் வெட்டியிருந்தாலும் ஒரு மணி கிடையாது.

எனக்கு ஜோடி என் அக்கா.

அக்காவைச் செங்கம் பக்கத்தில் ஒரு ஊரில் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி வருஷம் திரும்பியிருந்தது. வானம் பார்த்த பூமியை மட்டும் நம்பின குடும்பம். மழை பொய்த்துப் போகவே மாமா ஒருநாள் காலை பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். அம்மா பதறிப்போய், "இன்னா மாப்ள, எதுனா சண்டையா?" என்று கேட்டாள். மாமாவுக்குக் கூச்ச சுபாவம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் இல்லீங்க அத்த. வூட்ல கஞ்சிக்கே தட்டா இருக்குது. கொஞ்ச நாளு பொறந்த வூட்ல இருக்கட்டும்னு எங்க அம்மா சொல்லுது. மொத மழ பெஞ்ச மறுநாளே வந்து கூட்டினு போயிடறேன்" என்றார். மறுநாளே என்பதை இன்னொரு தரம் அழுத்திச் சொன்னார். அவருக்குப் பின்னால் துணி மூட்டையோடு நின்ற அக்கா அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அவள் அழுவாள் என்று நான் நினைத்திருந்தேன். அழவில்லை. ஆனால் தினமும் எழுந்ததும் முதல் காரியமாக வெளியே வந்து மலை உச்சியைப் பார்ப்பாள். மேகம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். நான் கிண்டல் செய்வேன். "இன்னாக்கா, மாமா மேகத்து மேல ஏறினு வர்றாரா?" என்பேன். "போடா, உனக்கு ஒருத்தி வருவா, அப்ப தெரியும்" என்று சாணி உருண்டையைத் தூக்கி என்மேல் எறிவாள். ஊரில் எல்லாரும் பயிருக்காக மழை கேட்டார்கள். அவள் புருஷனுக்காகக் கேட்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு ஆசையும் அவளுக்கு இருந்தது. போகும்போது ஒரு மூட்டை கோதுமையோடு போக வேண்டும். "வெறுங்கைய வீசினு போய் நின்னா எங்க மாமியாரு மூஞ்சியப் பாக்காது, கையத்தான் பாக்கும். 'உங்க வூட்டுக் கஞ்சிக்கு நான் பாரமா இருந்தேனே, இந்தாங்க, ஒரு மூட்ட'ன்னு நடுவூட்ல எறக்கி வைக்கணும்டா. அதுக்கப்புறம் அது வாயத் தொறக்கட்டும், பாக்கறேன்" என்பாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் சிரிப்பு இருக்கும், கண்ணில் இருக்காது. பஞ்சத்தைச் சாக்கு வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டவள் என்று ஊரில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு உள்ளூர இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு புதுச் சாக்கை மடித்துப் பரணில் வைத்திருந்தாள். அதுதான் அவள் மூட்டை.

இப்போது அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் குழியை நாங்கள் யோக்கியமாக வெட்டினோம். என் கையில் கொப்புளம் உடைந்து, மண்வெட்டிக் காம்பெல்லாம் பிசுபிசு என்று ஆகிவிட்டது. ஓவர்சியர் வந்தார். அளந்தார். டேப் ஒரு அளவு காட்டியது, அவர் எழுதிக்கொண்டது அதைவிடக் கம்மி. அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன் சார், டேப்பு ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு எழுதறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"தொப்பிக்குக் கழிச்சிருக்கேன்மா" என்றார் அவர்.

தொப்பி என்பது ஏரி வேலையில் பழகின தில்லுமுல்லு. வேறு இடத்திலிருந்து புல்லோடு ஒரு பத்தையை வெட்டிக் கொண்டுவந்து சாட்சியின் தலையில் ஒட்டிவிடுவார்கள். தூண் உயர்ந்தால் குழி ஆழமானதாகத் தெரியும். வெட்டாமலேயே அரை முழம் லாபம்.

"நாங்க தொப்பி வைக்கலீங்களே சார்" என்றாள் அக்கா.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. வச்சது யாரு, வைக்காதது யாருன்னு ஒவ்வொண்ணா நோண்டிப் பாத்துனு இருந்தா நான் எப்ப வூடு போய்ச் சேர்றது? எல்லாருக்கும் ஒரே கழிவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழிக்குப் போய்விட்டார்.

அக்கா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பிறகு, "அப்ப வைக்காதவன்தான் ஏமாளி. சரிடா, நாமளும் வப்போம்" என்று எழுந்தாள். அவரே கழித்துக்கொள்வதால் தொப்பி வைப்பது திருட்டு ஆகாது, வைக்காமல் இருப்பதுதான் நஷ்டம் என்ற கணக்கு அன்றைக்கே எங்களுக்குப் படிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஏரியிலேயே அக்கா வைக்கிற தொப்பிதான் பேர் போனது. வண்டல் மண்ணில் சாணியைக் கலந்து பிசைந்து பூசி, மேலே புல் பத்தையை உட்கார வைத்து, கருவேல முள்ளைக் குறுக்கே செருகி இறுக்குவாள். ஒட்டுப் போட்ட இடத்தில் அதே புழுதியைத் தூவிவிட்டால் பெற்றவனுக்கும் தெரியாது. ஒரு வெயிலுக்குக் கல்லாக இறுகிப்போகும். பக்கத்துக் குழிப் பெண்கள், "எக்கா, எங்களுக்கும் ஒரு தொப்பி வச்சுக் குடேன்" என்று கெஞ்சுவார்கள். இவளும் மகாராணி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு போவாள்.

மண்ணைக் கொட்டுவதிலும் இதே கதைதான். வெட்டின மண்ணை ஏரிக்கரைமேல் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்பது உத்தரவு. கரையோ தூரம். நடக்கிற நடைக்குக் கோதுமை இல்லை, ஆழத்துக்குத்தான் கோதுமை. அதனால் எல்லாரும் அவரவர் குழி விளிம்பிலேயே குவித்தார்கள். மேஸ்திரி ஒருத்தர் இருந்தார், டவுன்காரர். முதல் வாரம் கத்திப் பார்த்தார். இரண்டாவது வாரம் கருவேல மர நிழலில் துண்டை விரித்துவிட்டார். முதல் மழைக்கு அத்தனை மண்ணும் திரும்ப ஏரிக்குள்ளேயே போய்ச் சேரும் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். "மண்ணு தன் வூட்டுக்குத் தானே திரும்பிப் போயிடும், நமக்கு அடுத்த வருசமும் வேல இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தோம்.

சோம்பேறிகள், சர்க்கார் காசைத் தின்கிறவர்கள் என்று டவுனில் பேசினார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொந்த நிலத்தில் வரப்பு ஒரு சாண் உடைந்தால் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுகிற ஆட்கள் இவர்கள். ஏரி எங்கள் ஏரி, அதன் தண்ணீர் எங்கள் தண்ணீர். ஆனால் ஏரி ஆழமாக வேண்டும் என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. குழி ஆழமாகத் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதைக் கொடுத்தோம். ஓவர்சியரிடமும் அவருக்கு மேலே இருந்தவர் ஏரியைக் கேட்டிருக்க மாட்டார், எத்தனை குழி முடிந்தது என்றுதான் கேட்டிருப்பார். அப்படியே மேலே மேலே போய்க்கொண்டிருந்தால் ஏரியைப் பற்றிக் கவலைப்பட ஒரு ஆளும் மிச்சம் இருந்திருக்க மாட்டான்.

கோதுமை வந்தது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அரிசி மாதிரி வடித்துப் பார்த்தார்கள், கேழ்வரகு மாதிரி களி கிண்டிப் பார்த்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. கொஞ்சம் பேர் செங்கம் ரோட்டுப் பக்கம் கொண்டுபோய், ஆசிரமத்துக்கு வருகிற வடக்கத்தி ஆட்களுக்குச் சப்பாத்தி போடுகிற கடைகளில் கொடுத்துவிட்டு அரிசி வாங்கி வந்தார்கள். அக்காதான் அதை வறுத்து, உடைத்து, கஞ்சி காய்ச்சினால் நன்றாக இருக்கும் என்று கண்டுபிடித்தாள். அந்தக் கஞ்சியில்தான் அம்மா, அக்கா, நான் என்று மூன்று வயிறும் அப்போது நிறைந்தன. அதனால் பரண்மேல் இருந்த சாக்கு மட்டும் நிரம்பவே இல்லை.

"இது ஆவறதில்ல. அடுத்த குழிய ஒரேடியா ஆழமா வெட்டிடலாம். அந்த அளவு மொத்தமும் என் மூட்டைக்கு. இன்னா சொல்றே?" என்றாள் ஒருநாள்.

நான் என்ன சொல்வது? சரி என்றேன். அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னது கிடையாது. ஆள் உயரத்துக்கு மேலே வெட்டினோம். ஏரியிலேயே ஆழமான குழி அதுதான். நான் உள்ளே நின்றால் என் தலை வெளியே தெரியாது. ஏறி இறங்க ஒரு பக்கத்தில் படி மாதிரி வெட்டி வைத்திருந்தேன். மற்ற பக்கமெல்லாம் விளிம்பில் மண் குவிந்து குவிந்து சின்னக் குன்றாகவே நின்றது. அக்கா தலையில் சுமந்த மண். நடுவில் சாட்சி, அதன் தலையில் அவள் கைப்பட வைத்த தொப்பி. "இதான்டா என் மூட்ட" என்று அந்தத் தூணைத் தட்டிக் கொடுப்பாள்.

குழி முடிந்தது. அளக்க ஓவர்சியர் வரவில்லை.

இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று வாரம் ஓடியது. அளந்தால்தான் அடுத்த குழி. எல்லாரும் முடித்துவிட்டு அவரவர் சாட்சிக்குக் காவலாக உட்கார்ந்திருந்தோம். ஆடு ஏறி மிதிக்காமல் இருக்கச் சுற்றிலும் முள் வெட்டி வைத்தோம். அந்த நேரம் பார்த்து மலைமேல் மேகம் கட்ட ஆரம்பித்தது.

இதை எப்படிச் சொல்வேன்? இரண்டு வருஷமாக அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி, ஊரே ஈரத்துணியோடு சுற்றி வந்து மழை கேட்ட ஜனம். அதே ஜனம் வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "இப்ப வேணாம் தாயே. அந்த ஆளு வந்து அளந்துட்டுப் போவட்டும், அப்புறமா பெய்யி" என்றது. ஏனென்றால் எல்லாச் சாட்சியிலும் தொப்பி. வெட்டாமல் விட்ட பழைய மண் மழைக்குத் தாங்கும், ஒட்டுப் போட்ட மண் கரைந்து வழிந்துவிடும். தூண் குட்டையானால் கோதுமையும் போச்சு, குட்டும் வெளிப்பட்டுப் போச்சு. விவசாயம் செய்கிறவன் மழையைப் பார்த்துப் பயந்தான். அந்த அநியாயத்தை அந்த வருஷம் எங்கள் ஊரில் பார்த்தேன்.

அக்கா பாடுதான் ரொம்பக் கஷ்டம். மழை பெய்தால் மறுநாள் புருஷன் வருவார். மழை பெய்தால் மூட்டை போகும். காலையில் எழுந்து மலையைப் பார்ப்பாள், முகம் மலரும், உடனே ஏரிப் பக்கம் பார்ப்பாள், சுருங்கிவிடும். "நீ மொதல்ல இன்னா வேணும்னு முடிவு பண்ணுக்கா" என்றேன். "ரெண்டும் வேணும்டா. ரெண்டு நாள் தள்ளிப் பெஞ்சா ரெண்டும் கெடைக்கும். நான் இன்னா ராஜ்யமா கேக்கறேன்?" என்றாள்.

அன்றைக்கு அவள்தான் என்னை ஆபீசுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். "கையில கால்ல வுழுந்தாவது கூட்டினு வாடா" என்றாள். நான் டவுனுக்கு நடந்தேன்.

ஆபீஸ் வராந்தாவில் பியூன் ஒருத்தர் பெஞ்சில் சாய்ந்திருந்தார். ஓவர்சியர் எங்கே என்று கேட்டேன். மீட்டிங்குக்கு வேலூர் போயிருக்கிறார் என்றார். எப்போது வருவார்? தெரியாது. உள்ளே ஒரு கிளார்க் இருந்தார். அவரிடம் சாட்சி, குழி, மேகம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஓவர்சியர் வந்தாலும் ஜீப்புக்கு டீசல் இல்லப்பா. எழுதிப் போட்டிருக்கு, வரணும்" என்றார். ஏரி நடக்கிற தூரம்தானே சார் என்றேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நடந்து போயி அளக்கணும்னு எங்க சொல்லியிருக்கு?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் ஒன்று தோன்றியது. கரைவரைக்கும் நடக்கிற நடைக்குக் கோதுமை இல்லை என்று நாங்கள் விளிம்பில் கொட்டினோமே, அதையேதான் இவரும் சொல்கிறார். வெளியே வந்துவிட்டேன்.

தேரடி வீதிக்கு வந்தபோது காற்று அடித்தது. புழுதி கிளம்பியது. கோபுரத்துக்குப் பின்னால் மலையே தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு. முதல் சொட்டு என் புறங்கையில் விழுந்தது. அடுத்த நிமிஷம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கடைக்காரர்களெல்லாம் கல்லாவை விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து நனைந்தார்கள். யார் யாரையோ கட்டிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒரு பூக்காரம்மா என் கையைப் பிடித்து, "மழடா சாமி, மழ!" என்றாள். நானும் சிரித்தேன். அக்கா நாளைக்கு ஊருக்குப் போய்விடுவாள் என்று நினைத்துத்தான் சிரித்தேன். பிறகுதான் தொப்பி நினைவுக்கு வந்தது. ஓட ஆரம்பித்தேன்.

மலை சுற்றும் ரோட்டில் தண்ணீர் முழங்காலுக்கு ஓடியது. ஊருக்குள் நுழைந்தபோது வீடுகளெல்லாம் திறந்து கிடந்தன, ஆள் இல்லை. ஏரிக்கரைமேல் கூட்டம் தெரிந்தது. அம்மா மட்டும் தனியாக, தலைவிரி கோலமாக, மழையில் உட்கார்ந்து தரையை அடித்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போகும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நடந்ததைப் பெண்கள் சொன்னார்கள். மழை பிடித்ததும் எல்லாரும் பாய், ஓலை, பழைய புடவை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அவரவர் சாட்சியை மூட ஓடினார்கள். அக்கா பரண்மேல் இருந்த புதுச் சாக்கை எடுத்துக்கொண்டு போனாள். குழிக்குள் இறங்கி, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, சாட்சியின் தலையில் சாக்கை மாட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டுப் பக்கத்துக் குழிக்காரிக்குக் கேட்கும்படி, "என் மூட்ட நனையலடி" என்று சத்தம் போட்டுச் சிரித்தாளாம். ஏறுவதற்குத் திரும்பியிருக்கிறாள். அதற்குள் விளிம்பில் குவித்த மண் ஊறி, பாரம் தாங்காமல், ஒரே சரிவாக உள்ளே இறங்கிவிட்டது.

மண் தன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது.

அதற்கப்புறம் அந்த ஊர் வேலை செய்ததை நான் சொல்லியாக வேண்டும். மண்வெட்டி பட்டுவிடும் என்று கையாலேயே வாரினோம். வாரின மண்ணை ஒருத்தரும் விளிம்பில் கொட்டவில்லை. கிழவர், பெண்டு, பிள்ளை எல்லாரும் குழியிலிருந்து ஏரிக்கரைவரைக்கும் வரிசையாக நின்று, கூடையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கரைமேல் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நிழலைவிட்டு எழுந்திருக்காத மேஸ்திரி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூடை சுமந்தார். யாரும் ஏவவில்லை. யாரும் அளக்கவில்லை. அத்தனை மாதத்தில் அந்த ஏரியில் நடந்த ஒரே வேலை அதுதான். இப்படி ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்னாடி செய்திருந்தால் என்று நினைக்க ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வராது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அக்கா கிடைத்தாள். கையில் கயிற்றின் மிச்சம் இருந்தது. நடுவில் சாட்சி அப்படியே நின்றது. சாக்குக்குள்ளே தொப்பி ஒரு பொடி உதிரவில்லை.

மறுநாள் காலை மழை விட்டு வெளிச்சமாக இருந்தது. அவளை வாசலில் கிடத்தியிருந்தோம். செங்கத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அனுப்புவதற்குள் மாமாவே வந்துவிட்டார். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். வெளுத்த சட்டை, சேறு படாமல் தூக்கிக் கட்டின வேட்டி, கையில் வாழை இலையில் சுற்றின பூப் பொட்டலம். பஸ் ஸ்டாண்டில் வாங்கியிருப்பார். தெருமுனையில் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "மச்சான், மழ பெஞ்சிடுச்சே! சொன்ன மாதிரி மறுநாளே..." என்று ஆரம்பித்தவர் கூட்டத்தைப் பார்த்தார். "யாருக்கு இன்னா ஆச்சு? அத்தைக்கா?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையைப் பிடித்தபடியே வாசலுக்குக் கூட்டிப் போனேன்.

அவர் வாங்கி வந்த பூவைத்தான் அக்கா தலையில் வைத்து எடுத்துப் போனோம்.

ஓவர்சியர் சில நாள் கழித்து வந்தார். ஏரிக் குழிகளில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழேவரைக்கும் தண்ணீர் நின்றது. சாட்சிகளின் தலை மட்டும் அங்கங்கே தெரிந்தது. பாதிக்கு மேல் தொப்பி கரைந்து மொட்டையாக நின்றன. அவர் கரையைவிட்டு இறங்கவே இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க எறங்கி அளக்கறது? போவட்டும், எல்லாருக்கும் ஒரே அளவா போட்டுடறேன்" என்றார். டேப்பை வெளியே எடுக்கவில்லை. தொப்பிக்குக் கழிக்கவும் இல்லை. ஊருக்கே அது நல்ல அளவுதான். அதனால் அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று. நான் போய் அவர் முன்னால் நின்றேன். என்ன கேட்க வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் என் தோளைத் தட்டி, "உன் குழிக்கும் போட்டிருக்கேன்பா" என்றார்.

கோதுமையை அம்மா ஒரு மணி தொடவில்லை. "அது அவளோடது. அவ வூட்டுக்குத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டாள். சாட்சியின் தலையில் கட்டியிருந்த அந்தச் சாக்கை நான் அவிழ்த்துக் கொண்டுவந்து அலசிக் காயவைத்திருந்தேன். அதிலேயே கட்டினோம். மூட்டை நிரம்பித்தான் இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் மாமா ஊருக்குக் கிளம்பினார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். அம்மா கேட்கவில்லை. நான் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு அவரோடு போனேன். செங்கம் பஸ் நின்றது. மூட்டையைப் பின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தேன். கண்டக்டர் வந்து காலால் தட்டிப் பார்த்து, "யாருதுப்பா மூட்ட?" என்று கேட்டார்.

"எம் பொஞ்சாதியோடதுங்க" என்றார் மாமா.

"அவங்க ஏறிட்டாங்களா? வண்டி எடுக்கணும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

"அவங்க வரலீங்க. மூட்ட மட்டும்தான் போவுது" என்றேன்.

கண்டக்டர் விசிலை ஊதினார். பஸ் கிளம்பியது.